விளக்குக்காரியின் அப்பன் வருவானா?

பழைய புத்தகம் விற்கிறவர்களுக்கு இரண்டு நோய் நிச்சயம்: தூசியால் வருகிற தும்மல், வாடிக்கையாளரால் வருகிற ரத்தக் கொதிப்பு. தும்மலுக்கு மூக்கில் துணி கட்டிக்கொள்ளலாம். கொதிப்புக்கு வாயில்தான் துணி கட்ட வேண்டும். அது என்னால் ஆகாது. கடையோ, கல்லாவோ, டிக்கெட் கவுன்ட்டரோ, ஏதாவது ஒன்றுக்குப் பின்னால் உட்கார்ந்து, "ஏன் இந்த விலை, அடுத்த கடையில கம்மியாமே" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன எல்லோரும் என் உடன்பிறப்புகள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் மல்லிகா. பிறந்தது கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் வண்டிச் சத்தத்துக்கு நடுவில். எட்டாவதோடு படிப்பு நின்றது. அப்புறம் பழைய பேப்பரை எடைக்கு வாங்கி எடைக்கு விற்றேன். ஏமாந்து ஏமாந்துதான் ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். இப்போது டோல்கேட் பக்கத்துச் சந்தில் எனக்கென்று ஒரு கடை. முன்பக்கம் பரீட்சை கைடும் சமையல் புத்தகமும். பின்பக்கம் முழுக்க ஜப்பான். ஜப்பான்காரர்களின் படக்கதைப் புத்தகத்துக்கு மங்கா என்று பெயர். அதே கதை திரையில் ஓடினால் அனிமே. தமிழ் பேசுகிற அனிமே போனில் வர ஆரம்பித்த பிறகு, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் இந்தப் பித்து பிடித்துவிட்டது. பித்து முற்றினவர்கள், ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை என்று புத்தகம் தேடி என்னிடம் வருவார்கள். வாங்கக் காசில்லாதவர்களுக்கு வாடகைக்கும் கொடுப்பேன்.

கடை வாசலில் ஒரு போர்டு தொங்கும்: "ஜப்பான் கதை பற்றி எந்தக் கேள்விக்கும் பதில் உண்டு. பதில் இல்லையென்றால் வாடகை இல்லை." இதை வியாபாரத் தந்திரம் என்று நினைக்காதீர்கள். கோபத்தில் எழுதியது. கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஒரு காலேஜ்காரன், "ஆன்ட்டி, நீங்க விக்கிறது இன்னான்னு உங்களுக்கே தெரியுமா?" என்று கேட்டுவிட்டான். அன்று சாயங்காலமே பெயின்ட் வாங்கினேன். எழுதி மாட்டிய பிறகுதான், இனிமேல் இத்தனையையும் படித்துத் தொலைக்க வேண்டுமே என்று உறைத்தது. டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். கோபம் எனக்கு நிறைய நஷ்டம் கொடுத்திருக்கிறது. படிப்பைக் கொடுத்ததும் அதுதான். அந்த போர்டைக் கழற்றிவிடலாமா என்று தோன்றுமளவுக்கு நான் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பயந்திருக்கிறேன். அதைக் கேட்டவள் அஞ்சலை. அவளைப் பற்றிச் சொல்லத்தான் போகிறேன். அதற்குமுன் மங்கா என் கைக்கு வந்த கதை.

டேமேஜ் சரக்கு

யானைக்கவுனியில் ஒரு சேட்டு பழைய பேப்பர் மொத்த வியாபாரம் செய்கிறார். அவர் குடோனில் இரண்டு மூட்டை மங்கா கிடந்தது. அதுவரை நான் அப்படி ஒரு புத்தகத்தைப் பார்த்ததில்லை. ஒன்றைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே கதை முடிந்திருந்தது. அட்டைப் படம் கடைசியில் இருந்தது. இன்னொன்றைப் பிரித்தேன், அதுவும் அப்படியே. எனக்கு உள்ளுக்குள் மத்தாப்பு. "இன்னா சேட்டு, எனக்கு கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா? மொத்த லாட்டயும் பின்னாலருந்து அச்சடிச்சு வெச்சிகீறான். இத்த எவன் வாங்குவான்?" என்று குடோன் அதிரக் கத்தினேன். சேட்டும் புரட்டிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. அச்சு கெட்டுப்போன சரக்கு என்று, எடை விலைக்கும் கீழே பேசி முடித்து, மூட்டையை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் சிரிப்பு.

கடையில் "அச்சுப் பிழை, பாதி விலை" என்று அட்டை எழுதி வைத்தேன். ஒரு நர்ஸிங் மாணவி வந்து அட்டையைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜப்பானில் வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாகத்தான் படிப்பார்களாம். நாம் பின்பக்கம் என்று நினைப்பதுதான் அவர்களுக்கு முன்பக்கமாம். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக் காட்டினாள். அவள் காட்டி முடிப்பதற்குள் அட்டையைக் கிழித்துவிட்டேன். எல்லாம் முழு விலை. அவளுக்கு மட்டும் பாதி விலை, பாடம் எடுத்த கூலி.

அடுத்த முறை யானைக்கவுனிக்குப் போனபோது சேட்டு எனக்கு டீ வரவழைத்தார். சும்மா டீ வாங்கிக் கொடுக்கிற ஆள் இல்லை அவர். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, சாவகாசமாகச் சொன்னார்: "உங்க டேமேஜ் சரக்கு வந்திருக்கும்மா. இந்த வாட்டி டேமேஜுக்கு விலை ஜாஸ்தி."

கை கழுவிட்டு வா

அந்த முதல் மூட்டைகளுக்குள் ஒரு தொடர்கதை இருந்தது. அதன் ஆங்கிலப் பெயர் நீளம். எங்கள் கடையில் 'விளக்குக்காரி' என்றால் போதும். ஒரு தீவு. அதில் ஒரு கலங்கரை விளக்கம். விளக்கைப் பார்த்துக்கொள்கிறவன், காணாமல் போன ஒரு படகைத் தேடிக் கடலுக்குள் போகிறான்; திரும்பி வரவில்லை. மகள் தினமும் விளக்கை ஏற்றிவிட்டுக் காத்திருக்கிறாள். இவ்வளவுதான் கதை, ஆனால் பாகம் பாகமாகப் போகும், கீழே வைக்க முடியாது. கடைசிப் பாகம் தவிர எல்லாம் என்னிடம் இருந்தன. கடைசிக்கு முந்தின பாகம், பனிமூட்டத்துக்குள் ஒரு படகு வருவதோடு நின்றுவிடுகிறது. யார் படகு? தெரியாது. செட்டை விற்க மனம் வரவில்லை. வாடகைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

அதை முதலில் எடுத்தவள்தான் அஞ்சலை. காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். ஒரு மழை நாளில் காலிக் கூடையோடு என் கடையில் ஒதுங்கினாள். அட்டையில் கடலைப் பார்த்ததும் மீன் கையோடு புத்தகத்தைத் தொடப் போனாள். "கை கழுவிட்டு வா!" என்று கத்தினேன். "ஒரு வாட்டி எங்க ஏலத்துக்கு வந்து பாரு, கத்தறதுன்னா இன்னான்னு தெரியும்" என்று அவள் அதைவிடப் பெரிதாகக் கத்தினாள். கத்திவிட்டு, அடிபம்பில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்குப் பிடித்த சிநேகம். ஆங்கிலம் அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். படத்தை அவள் படிப்பாள், எழுத்தை நான் படித்துச் சொல்வேன். வாடகை நெத்திலியாக வரும். அதற்கும் பேரம் உண்டு: நான் இன்னொரு கை அள்ளிப் போடு என்பேன், அவள் இன்னொரு பாகம் சேர்த்துக் கொடு என்பாள்.

அவள் புருஷன் ஏழுமலை வளைகுடாவில் ஓர் அரபி முதலாளியின் போட்டில் மீன் பிடிக்கிறார். ஒரே சீசன் என்று சொல்லிவிட்டுப் போனவர். ஒவ்வொரு சீசன் முடியும்போதும் போனில், "அடுத்த சீசன் வந்துர்றேன்" என்பார். லீவு போட்டால் இடத்தில் வேறு ஆளை ஏற்றிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். அஞ்சலை இதற்காக அழுது நான் பார்த்ததில்லை. அவரைத் திட்டித்தான் பார்த்திருக்கிறேன். கடைசிக்கு முந்தின பாகத்தை முடித்த அன்று, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என் போர்டைக் காட்டினாள். "எந்தக் கேள்விக்கும் பதிலுன்னு எழுதிகீற இல்ல? சொல்லு பாக்கலாம். அந்தப் படகுல வர்றது அவ அப்பனா இல்லியா?" தெரியாது என்று சொல்லி என் வாய்க்குப் பழக்கமில்லை. கடைசிப் பாகம் அடுத்த மூட்டையில் வந்துவிடும், நீயே பார்த்துக்கொள் என்றேன். அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரும் இத்தயேதான் சொல்லிகினு கீறாரு மல்லிகா, அடுத்த சீசன்னு."

லாரிக்காரன் மேல பழி

மோசஸ் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். துறைமுகத்துக்குப் போகிற லாரி வரிசை நகராமல் நிற்கும்போது, ஸ்டியரிங் மேல் புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படிப்பார். ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப்போன மூன்று புத்தகங்களையும் மேசைமேல் தொப்பென்று போட்டார். "மூணு குடுத்தியேக்கா, மூணுலயும் லாரிதான் அடிக்குது. ஏன், பஸ்ஸு அடிக்காதா? ஆட்டோ அடிக்காதா? அந்த ஊரு ரோட்டுல வேற வண்டியே இல்லியா?"

விஷயம் என்னவென்றால், ஜப்பான் கதைகளில் ஒரு வகை இருக்கிறது. கதாநாயகன் ரோட்டைக் கடப்பான், லாரி அடித்துச் செத்துப்போவான், கண் விழித்தால் மந்திரவாதிகளும் டிராகன்களும் இருக்கிற வேறு உலகம். அங்கே அவன்தான் எல்லோரையும் விடப் பெரிய வீரன். மோசஸுக்கு இதைப் பொறுமையாகச் சொன்னேன். லாரி பெரிய வண்டி, ஒரே அடியில் காரியம் முடிந்துவிடும், கதை சட்டென்று அடுத்த உலகத்துக்குப் போய்விடும். யோசித்துப் பார்த்தால் அந்த டிரைவர் அவனுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார் என்றேன். மோசஸின் கோபம் இறங்கியது. இறங்கிய இடத்தில் கவலை ஏறியது. "அவன் அங்க ராஜா ஆயிட்டான், சரி. இங்க டிரைவரு இன்னா ஆனாரு? லைசென்ஸ் போச்சா? கேஸு நடக்குதா? அத்த எவனாவது வரைஞ்சிகீறானா?"

எனக்குத் தெரிந்து எவனும் வரையவில்லை என்றேன். அப்போ பதில் இல்லை, வாடகையும் இல்லை என்றார். 'எவனும் வரையவில்லை' என்பதும் பதில்தான் என்று நான் பிடித்துக்கொண்டேன். கால் மணி நேரம் இழுத்து, வாடகையை வாங்கிவிட்டேன். சமாதானத்துக்கு, தீவில் நடக்கிற கதை, லாரி நுழைய வழியே கிடையாது என்று சொல்லி 'விளக்குக்காரி' முதல் பாகத்தைக் கொடுத்தேன். அப்புறம் அவர் வரிசையாக எல்லாப் பாகத்தையும் முடித்துவிட்டு வந்து நின்றார். "நல்ல கதைக்கா, ரோடே இல்ல. ஆனா அந்த அப்பன் வருவானா மாட்டானா? அத்த சொல்லாம நான் இங்கருந்து வண்டிய எடுக்க மாட்டேன்."

சோற்றுக்கு முன்னால்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே சண்டைக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. நான் நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தேன்; சண்டை என்றால் எனக்கு வசதியாக உட்கார வேண்டும். "ஏம்மா, எம் புள்ளைக்கு நீ இன்னா சொல்லிக் குடுத்த? தட்டுல சோறு போட்டா ரெண்டு கையும் சேத்து கும்புட்டு, இத்தாதாகிமாஸ், இத்தாதாகிமாஸ்னு முணுமுணுக்கறான். மந்திரமா அது? எதுனா சாமியார் கூட்டத்துல சேந்துட்டானா?"

மந்திரமும் இல்லை, மண்ணும் இல்லை, ஜப்பானில் எல்லா வீட்டிலும் சாப்பிடுமுன் சொல்கிற வார்த்தை என்றேன். விளைய வைத்தவர், மீன் பிடித்தவர், சமைத்தவர் எல்லோரையும் நினைத்து, 'பணிவோடு வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்கிறான். அதில் பாதி உங்களுக்குத்தான் என்றேன். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆக்கிப் போட்டதற்கு அவருக்கு இதுவரை யாரும் நன்றி சொன்னதே இல்லை போலிருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர் திரும்பிப் பார்த்தார். "அப்பிடியே, சாப்ட்ட தட்ட கழுவறதுக்கும் அந்த ஊர்ல ஒரு வார்த்தை கீதான்னு பாத்து சொல்லிக் குடும்மா."

இல்லாத சத்தம்

தணிகாசலம் எண்ணூரில் இரும்பை உருக்கி வார்க்கிற ஒரு பவுண்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சாதாரணமாகப் பேசுவதே அடுத்த தெருவுக்குக் கேட்கும். மங்காவில் ஒவ்வொரு சத்தத்தையும் எழுத்தாக வரைந்திருப்பார்கள்: கதவு, மழை, அடி, உதை, எல்லாவற்றுக்கும் ஓர் எழுத்து. அவருக்கு அதில்தான் ருசி. ஒரு பக்கத்தைக் கொண்டு வந்து காட்டினார். காலி அறை. ஆள் இல்லை, காற்று இல்லை. சுவர் முழுக்க ஜப்பான் எழுத்து மட்டும் பெரிசாக. "எதுவுமே நடக்கல. இது இன்னா சத்தம்?" என்றார்.

அது சத்தமே இல்லாததன் சத்தம் என்றேன். ஆள் அரவம் இல்லாத இடத்தில் காதுக்குள் கேட்குமே, அதற்கும் அவர்கள் ஓர் எழுத்து வைத்திருக்கிறார்கள். அவர் புத்தகத்தை மெதுவாகக் காதருகே கொண்டுபோனார், சங்கைக் காதில் வைத்துக் கேட்கிற மாதிரி. வெளியே ஒரு தண்ணி லாரி ஹாரனை அடித்துக்கொண்டே போயிற்று. அது போகிற வரைக்கும் பொறுத்திருந்து சொன்னார்: "இந்தச் சத்தத்த நான் பொறந்ததுலருந்து கேட்டதே இல்லம்மா. வேற எந்த புக்குல கீது, எல்லாத்தையும் எடு."

பாய் கேட்ட நியாயம்

பாஷா பாய் அத்தோ கடை வைத்திருக்கிறார். அத்தோ என்றால் பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். எங்கள் பக்கத்தில் தள்ளுவண்டிக்குத் தள்ளுவண்டி ருசி மாறும். அவர் மங்கா படிப்பதில்லை, சாப்பாட்டுப் படங்களை மட்டும் பார்ப்பார். ஜப்பான் கதைகளில் சண்டைக்கு நடுவிலும் நிறுத்திவிட்டு நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். கிண்ணத்தில் ஆவி பறக்கும், மேலே முட்டை பாதியாக வெட்டி மஞ்சள் கரு தெரிய வைத்திருக்கும். அந்தப் பக்கத்தையே வெகு நேரம் முறைத்தார். இதுதான் அவர்கள் ஊர் அத்தோவா என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் பாய் என்றேன். அவர் புத்தகத்தை மூடி வைத்தார். "நான் முழு முட்ட போடறேன், அவன் அர முட்ட போடறான். ஆனா அவனத்தான் படமா வரையறாங்க."

பேசாத பேரம்

'விளக்குக்காரி'யின் கடைசிப் பாகம் மட்டும் எந்த மூட்டையிலும் வரவில்லை. வந்தால் சொல்லுங்கள் என்று சேட்டிடம் சொல்லி வைத்திருந்தேன். தணிகாசலமும் அதைப் படிக்க ஆரம்பித்திருந்தார். கடைக்குள் நுழைகிறவர்கள் வணக்கம் சொல்வதை விட்டுவிட்டு, "அப்பன் வந்தானா?" என்றுதான் கேட்டார்கள். மோசஸ் லாரியை ஓட்டிக்கொண்டு போகும்போதே ஜன்னலிலிருந்து கேட்டுவிட்டுப் போவார். அஞ்சலை தினமும் வந்து திட்டுவாள். அதெல்லாம் எனக்குப் பிரச்சனை இல்லை. திட்டுக்குத் திட்டு கொடுப்பேன். ஒரு நாள் அவள் கடை வாசலைத் தாண்டிப் பேசாமல் போனாள். கூப்பிட்டேன். ஏழுமலை மறுபடியும் அடுத்த சீசன் என்றுவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவள் அவரைத் திட்டவில்லை. போர்டைப் பார்க்கவில்லை. அப்பன் வந்தானா என்று கேட்கவும் இல்லை. அஞ்சலை சத்தம் போடாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அந்த வாரமே சேட்டு போன் பண்ணினார், நீங்கள் கேட்ட புத்தகம் ஒன்று வந்திருக்கிறது என்று. பேரத்துக்கு ஒரு முறை இருக்கிறது, தெரிந்தவர்களுக்குத் தெரியும்: எதைத் தேடி வந்தோமோ அதைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். முதலில் வேண்டாத நாலு சாமானைப் புரட்ட வேண்டும். உதட்டைப் பிதுக்க வேண்டும். வாசல் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். இதையெல்லாம் தூக்கத்தில்கூடச் செய்வேன் நான். அன்றைக்கு குடோனுக்குள் கால் வைத்ததும், "எங்க அது?" என்றேன். சேட்டு என் முகத்தைப் பார்த்தே விலை சொன்னார். அநியாய விலை. பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். சேட்டு கலங்கிப்போனார். பணத்தைப் பெட்டியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "அம்மா, சத்தமே போடலியே, உடம்பு சரியில்லியா? உக்காருங்க, டாக்டர் பக்கத்துலதான் இருக்காரு."

கூறு போடு

ஞாயிற்றுக்கிழமை வா என்று அஞ்சலைக்கு மட்டும்தான் சொன்னேன். காசிமேட்டில் ஒருத்திக்குச் சொன்னது எண்ணூருக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? மோசஸ், தணிகாசலம், அந்த நர்ஸிங் மாணவி, எல்லோரும் நான் ஷட்டரைத் தூக்குமுன்பே நின்றார்கள். பாஷா பாய்கூட முடிவில் யாராவது சாப்பிடுகிறார்களா என்று பார்க்க வந்திருந்தார். யாருக்கு முதலில்? என் பழைய புத்தி தலையைத் தூக்கியது. ஏலம் விடலாமா என்று வாயெடுத்தேன். "யார்கிட்ட ஏலம் பேசற நீ?" என்று அஞ்சலை இடுப்பில் கை வைத்தாள். "ஒத்த ஆளு எடுக்க முடியாத பெரிய மீனு வந்தா நாங்க இன்னா பண்ணுவோம்? சேந்து எடுப்போம், அறுத்து கூறு போடுவோம்." மோசஸுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்து பைண்டிங் கடையில் கத்தி இருக்கிறது, ஆளுக்குக் கொஞ்சம் பக்கம், படித்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார். "எனக்கு வால் பக்கத்துக் கூறு" என்று தணிகாசலம் அவசரமாக முன்பதிவு செய்தார். "எவனாவது இந்தப் புத்தகத்து மேல கத்திய வெச்சான், அந்தக் கத்தியாலயே அவன கூறு போட்ருவேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கடைசியில் எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். நடுவில் அஞ்சலை; அன்றைக்கு மூன்று தரம் கை கழுவியிருந்தாள், பக்கத்தைப் புரட்டுவது அவள்தான் என்று ஏகமனதாக முடிவாயிற்று. எழுத்தை நான் தமிழில் சொன்னேன். மோசஸ் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் என்றால் ஜப்பான் புத்தகத்தில் அப்புறம் படிக்க வேண்டிய பக்கம். நாங்கள் வலது பக்கத்தில் இருக்கும்போதே அவர், "ஐயோ!" என்பார், "அடப்பாவி!" என்பார். பொறுக்க முடியாமல் அவரை எழுப்பி வலது பக்கம் உட்கார வைத்தோம். பனிக்குள்ளிருந்து படகு வந்தது. கிட்டே வந்தது. கரையில் முட்டியது. காலி. ஆள் இல்லை. அந்தப் பக்கத்தில் வசனமே இல்லை. சத்தமில்லாததன் எழுத்து மட்டும் பக்கம் முழுக்க. "அந்தச் சத்தம்" என்று தணிகாசலம், வாழ்நாளில் முதல் முறையாக, கிசுகிசுத்தார். நான் அஞ்சலையின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சல் வரவில்லை. அவள் பக்கத்தைப் புரட்டினாள். விடிகிறது. அந்தப் பெண் விளக்கின் சாவியைத் தீவில் மளிகைக்கடை வைத்திருப்பவரிடம் கொடுக்கிறாள். அந்தக் காலிப் படகிலேயே ஏறுகிறாள். துடுப்பை எடுக்கிறாள். கடைசிப் பக்கம்: கடல், அதில் பொட்டு மாதிரி ஒரு படகு, பின்னால் பகலிலும் எரிகிற விளக்கு. முடிந்தது.

"அவ்ளோதானா?" என்றார் மோசஸ். "கண்டுபுடிச்சாளா இல்லியா?" எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் தலைக்குமேலேயே போர்டு. பதில் புத்தகத்தில் இல்லை, என்னிடமும் இல்லை. வாயைத் திறந்து, தெரியாது என்று சொன்னேன். யாரிடமும் வாடகை வாங்கவில்லை. ஆனால் அஞ்சலை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தாள். சுருக்குப் பையிலிருந்து போனை எடுத்து வீடியோ கால் போட்டாள். ஏழுமலை முகம் தெரிந்தது. பின்னால் வலை, காற்றுச் சத்தம். "இன்னா அஞ்சல, இந்நேரத்துல?" "அவ ஒக்காந்து ஒக்காந்து பாத்தா. அப்பறம் படக எடுத்துகினு கெளம்பிட்டா." "எவ?" "எவளோ. நீ வரியா, இல்ல நானும் போட்ட எடுத்துகினு அங்க வரட்டா?" அவர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. மோசஸ் தலையை நுழைத்தார்: "அண்ணே, அக்கா வெளையாடல. போட்டு வரைக்கும் நானே லாரில கொண்ணாந்து வுடறேன்." தணிகாசலமும் பாயும் பின்னாலிருந்து தலையாட்டினார்கள். போனுக்குள் இருந்தவர் இந்தக் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "ஏய், போட்டெல்லாம் எடுக்காத. இடம் போனா போவுது, நான் மொதலாளிகிட்ட சொல்லிட்டு கெளம்பறேன்."

முதல் பாகம்

வந்தார். நிஜமாகவே வந்தார். பெட்டியில் சுற்றிய கயிறுகூட அவிழ்க்கவில்லை, அஞ்சலை அவரை நேரே என் கடைக்குத்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். கறுத்துப்போய், வெட்கப்பட்டுக்கொண்டு, கதவளவு உயரத்தில் ஒரு மனிதர். "இந்தாளுக்கு மொதல் பாகம் குடு. சோத்தாங்கை பக்கத்துலருந்து படிக்கணும்னு நீயே சொல்லு, நான் சொன்னா கேக்க மாட்டாரு" என்றாள். அவர் கையை நீட்டினார். "கை கழுவிட்டு வா!" என்று நான் கத்தினதில் அஞ்சலைக்கு அப்படி ஒரு சிரிப்பு. இப்போது ஏழுமலை காசிமேட்டிலேயே ஒரு போட்டில் போகிறார். கரையில் இருக்கிற நாளெல்லாம் என் கடை ஸ்டூலில்தான் இருப்பார். வாடகைக்கு அதே நெத்திலி, அதே பேரம். வித்தியாசம், இப்போது அந்தப் பக்கம் இரண்டு பேர்.

போன வாரம் மூன்றாம் பாகத்தில் இருந்தார். விளக்குக்காரி தனியாக மழையில் விளக்குக் கண்ணாடியைத் துடைக்கிற இடம். மோசஸ் புத்தகம் மாற்ற வந்திருந்தார், அஞ்சலை கூடையோடு நின்றிருந்தாள். ஏழுமலை புத்தகத்தைப் படாரென்று மூடினார். உண்மையான கோபம், மூக்கு விடைத்திருந்தது. "இன்னா மனுசன் மல்லிகா இவன்? பொண்ண தனியா வுட்டுட்டு கடல்ல போயி ஒக்காந்துகினு கீறான். கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா? எப்பத்தான் வூட்டுக்கு வருவான் இவன்?"

எந்தக் கேள்விக்கும் பதில் உண்டு என்று போர்டு மாட்டியவள் நான்தான். ஆனால் அஞ்சலை கூடையை மெதுவாகக் கீழே இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்ததைப் பார்த்ததும், அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமையை, பேரமே பேசாமல், அவளுக்குச் சும்மா கொடுத்துவிட்டேன்.